முன்பாரம், பின்பாரம்: காட்டுப்பாதைக்கு ஒரு கூடார டிரெய்லர் கட்டும் முன்

கொஞ்ச நாளாக என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கின்றன. "அண்ணா, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி மலைக்குக் கொண்டுபோய்த் தங்குகிற மாதிரி ஒரு டிரெய்லர் கட்டணும். எத்தனை எம்.எம். இரும்பு போடலாம்?" தக்கலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் நண்பனிடமும் இதையேதான் கேட்கிறார்கள். கனமாகக் கட்டினால் திடமாக இருக்கும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நானும் அப்படித்தான் நம்பி என் முதல் டிரெய்லரைக் கட்டினேன். அது உடையவில்லை. ஆனால் அதை இழுத்துக்கொண்டு போன ஒவ்வொரு முறையும் கை நடுங்கியது.

ஒரு டிரெய்லர் காட்டுப்பாதையில் பிழைப்பதும் பிழைக்காததும் இரும்பின் கனத்தைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை. எடை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, குலுக்கல் எங்கே போய் அடங்குகிறது என்ற இரண்டும் அதைவிட முக்கியம். இந்த இரண்டையும் புரிந்துகொள்ளப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. மாட்டு வண்டியும் குழந்தைத் தொட்டிலும் பார்த்திருந்தால் போதும்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

கூடார டிரெய்லர் என்பது சொந்தமாக எஞ்சின் இல்லாமல், இன்னொரு வண்டி இழுத்துப் போகும் ஒரு சின்ன அறை. ஓடும்போது அது இடுப்பளவு உயரமுள்ள மூடிய பெட்டி. நிறுத்திய பிறகு கூரையைத் தூக்கினால் கூரைக்கும் பெட்டிக்கும் நடுவே கித்தான் துணி சுவராக விரியும். உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். பாப்-அப் என்று சொல்வது இந்த எழும்பும் கூரையைத்தான். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போல நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மண் சாலை உள்ள நாடுகளில் இவை நன்றாகப் பழகிப்போனவை. நம் ஊரில் இப்போதுதான் ஆசை பிறந்திருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு வேலை கொடுக்கும் பாதைகளுக்குப் பஞ்சமில்லை. கீரிப்பாறை, பாலமோர் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் ஏறும் கல் பாதை, மழைக்குப் பிறகு சேறாகும் வழுக்கல், கடற்கரையோரம் சக்கரம் புதையும் மணல், ஆரல்வாய்மொழிக் கணவாயில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று என எல்லாமே அரை நாள் ஓட்டத்துக்குள் அகப்படும். ஒரு டிரெய்லரைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

வண்டிக்காரர் ஏன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்

இரட்டை மாட்டு வண்டியில் வைக்கோலோ செங்கலோ ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் புதிதல்ல. அச்சுக்குப் பின்னால் சுமை கூடிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கும். மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். அது பின்பாரம். முன்னால் மிக அதிகமாக ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். அது முன்பாரம். நல்ல வண்டிக்காரர் சுமையைச் சற்று முன்னுக்கு வைத்து, மீதியைத் தன் உடம்பை நகர்த்திச் சரிக்கட்டுவார்.

டிரெய்லரிலும் கணக்கு இதுவேதான். மாட்டின் இடத்தில் ஜீப். நுகத்தடி மாட்டும் இடத்தில் ஹிட்ச், அதாவது இரண்டு வண்டிகளையும் இணைக்கும் கொக்கி. டிரெய்லர் தன் மூக்கால் ஹிட்சின் மேல் எத்தனை கிலோ அழுத்துகிறதோ அதுதான் அதன் முன்பாரம். மொத்த எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் முன்பாரமாக இருக்கட்டும் என்பது டிரெய்லர் கட்டுபவர்கள் பலரும் பின்பற்றும் பொது அளவு. சிலர் 15 வரை போவார்கள்.

பின்பாரம் ஆனால் என்ன நடக்கும்? மாடு திணறும், ஜீப் திணறாது. ஆனால் அதைவிட மோசமான ஒன்று நடக்கும். டிரெய்லர் பாம்பு போல இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஏன் என்று பார்ப்போம். சாலையைப் பிடித்துக்கொண்டிருப்பது டயர். அந்தப் பிடி இருப்பது அச்சில். எடையின் மையம் அச்சுக்கு முன்னால் இருந்தால், டிரெய்லர் ஒரு பக்கம் ஒதுங்கும்போது டயரின் பிடி அதைத் திரும்ப நேர்க்கோட்டுக்கு இழுக்கும். எடை பின்னால் இருந்தால், அது கயிற்றின் நுனியில் கட்டிய கல் போல அந்த ஆட்டத்தை மேலும் வீசிவிடும். வேகம் கூடக் கூட ஆட்டத்தை அடக்கும் சக்தி குறைந்துகொண்டே வரும். 40 கிலோமீட்டர் வேகத்தில் சாதுவாக இருந்த வண்டி 70இல் ஜீப்பின் பின்பக்கத்தையே இழுத்து ஆட்டும். மூக்கு தூக்குவதால் ஜீப்பின் பின் டயர்களுக்கும் பிடி குறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் கவிழ்வதற்கு நேரம் ஆகாது.

என் முதல் டிரெய்லரில் நான் செய்தது இதைத்தான். எடுக்க வசதி என்று ஸ்டெப்னியையும் தண்ணீர் கேனையும் பின்பக்கக் கதவில் மாட்டினேன். தோவாளை தாண்டி வேகம் பிடித்ததும் கண்ணாடியில் டிரெய்லர் ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் தெரிந்தது. பிரேக்கை மிதிக்கத் தோன்றியது. மிதிக்கவில்லை, காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறையக் காத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். பிரேக்கைப் பலமாக மிதித்தால் பின்னால் வரும் எடை ஜீப்பைத் தள்ளி மடக்கிவிடும். வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை நிமிர்த்தலாம் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள்.

சரி, இப்போது ஒரு சின்னக் கணக்கு. சுமையோடு டிரெய்லரின் எடை 600 கிலோ. ஹிட்சிலிருந்து அச்சுவரை 2.5 மீட்டர். முன்பாரம் 60 கிலோ வேண்டும். எடையின் மையம் அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்க வேண்டும்? 2.5 மீட்டரில் 10 சதவீதம், அதாவது 25 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குச் சற்றே கூடுதல். ஒரு டிரெய்லர் நேராகப் போவதற்கும் பாம்பாக ஆடுவதற்கும் இடைவெளி அவ்வளவுதான்.

அதே டிரெய்லரில் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 40 லிட்டர் தண்ணீர் வையுங்கள். லிட்டருக்கு ஒரு கிலோ. ஆக 40 கிலோ. அதை 1.2ஆல் பெருக்கி 2.5ஆல் வகுத்தால் 19 கிலோ. முன்பாரம் 60லிருந்து 41 ஆகிவிட்டது. மொத்த எடையோ 640. பத்து சதவீதம் இருந்தது ஆறரையாக இறங்கிவிட்டது, ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டியால். அதனால்தான் தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் இருக்க வேண்டும் என்கிறோம். அங்கே இருந்தால் தண்ணீர் தீர்ந்தாலும் முன்பாரம் அதிகம் மாறாது.

இன்னொன்று. முன்னால் ஒரு பெரிய பேட்டரி, பின்னால் ஒரு ஸ்டெப்னி என்று இரு நுனிகளிலும் எடை வைத்தால் தராசு சமமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஆட்டம் தொடங்கினால் நிற்காது. தேங்காய் பறிக்கும் நீண்ட தோட்டியை வேகமாகத் திருப்பி, நட்டநடுவில் நிறுத்திப் பாருங்கள், கை வலிக்கும். குட்டையான கம்பை எளிதாக நிறுத்தலாம். கனமான பொருள்கள் எல்லாம் அச்சை ஒட்டி, தாழ்வாக இருக்கட்டும். முன்பாரம் மிகுந்தாலும் நல்லதல்ல: ஜீப்பின் பின்பக்கம் தாழ்ந்து, முன் சக்கரங்கள் லேசாகி, ஸ்டீயரிங் பிடிமானம் குறையும். உங்கள் வண்டியின் ஹிட்ச் எவ்வளவு தாங்கும் என்று வண்டிக் கையேட்டில் இருக்கும்; அதைத் தாண்டக் கூடாது.

இவ்வளவு நேரம் பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு மூக்கில், கனமானவை அச்சுக்கு அருகில், பின்கதவில் எதுவும் வேண்டாம். அச்சை எங்கே வெல்டிங் செய்வது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது நல்லது. பெட்டி, தொட்டி, பேட்டரி எல்லாம் எங்கே வரும் என்று தெரிந்த பிறகே அச்சின் இடம் தெரியும்.

செருப்பும் அடிக்கோலும்: திடம் எங்கிருந்து வருகிறது

ஒரு பழைய ரப்பர் செருப்பை வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடுகிறது. உள்பக்கம் நசுங்கிச் சுருங்குகிறது. நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. டிரெய்லரின் அடிச்சட்டமான சேசிஸும் குழியில் இறங்கும்போது இப்படித்தான் வளைகிறது. சுமையைத் தாங்குவது மேல் விளிம்பும் கீழ் விளிம்பும். நடுப்பகுதி அவை இரண்டையும் விலக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே நடுவில் இரும்பைத் திணிப்பதில் பயனில்லை. இரண்டு விளிம்புகளையும் தூரமாக வைப்பதில்தான் பயன். இரும்பு அடிக்கோலைத் தட்டையாகப் பிடித்தால் சுலபமாக வளைகிறது. விளிம்பில் நிறுத்தினால் அசைவதில்லை. இரும்பு அதேதான், எடையும் அதேதான். ஒரு பட்டையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் வளையாமல் நிற்கும் தன்மை எட்டு மடங்காகும். மூங்கில் உள்ளே வெற்றாக இருந்தும் சாரம் கட்ட உதவுவது இதனால்தான்.

பட்டறைக் கணக்கில் பார்ப்போம். 100க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக் குழாய், 3 மி.மீ. தடிமன் என்றால் மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ. அதையே 5 மி.மீ.இல் எடுத்தால் 11 கிலோ. ஒரு சின்ன சேசிஸுக்கு 15 மீட்டர் குழாய் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 60 கிலோ. இந்த அளவு டிரெய்லருக்கு 3 மி.மீ.யே போதும். அந்த அறுபது கிலோவை மிச்சப்படுத்தினால் அது அப்படியே ஒரு ஆளுக்கான சாமான்.

பெட்டியில் வித்தியாசம் இன்னும் பெரிது. 15 சதுர மீட்டர் சுவரை 2 மி.மீ. இரும்புத் தகட்டால் அடைத்தால் அதன் எடை மட்டும் 235 கிலோ. அதற்குப் பதில் சாண்ட்விச் பலகை. நடுவில் லேசான ஃபோம், இருபுறமும் மெல்லிய ஃபைபர் தோல் என்று ஒட்டிய பலகைக்கு அந்தப் பெயர். செருப்புக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் இதன் வேலை புரியும்: இழுபடுவதும் நசுங்குவதும் இரண்டு தோல்கள், அவற்றை விலக்கிப் பிடிப்பது ஃபோம். 25 மி.மீ. ஃபோமும் இருபுறம் ஒன்றரை மி.மீ. ஃபைபரும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 6 முதல் 7 கிலோதான். மொத்தச் சுவரும் 100 கிலோ அளவில் முடிந்துவிடும். துருவும் பிடிக்காது, வெயிலும் உள்ளே இறங்காது.

இந்த வேலைக்கு எங்கோ போக வேண்டியதில்லை என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் கரைகளில் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கும் கைகள் இருக்கின்றன. ஃபைபர் இழை விரிப்பான மேட்டை விரித்து, ரெசின் என்ற பிசின் தடவி, காற்றுக் குமிழி இல்லாமல் உருட்டி எடுப்பதில் அவர்களுக்கு இருக்கும் பழக்கம் வெல்டிங் பட்டறையில் கிடைக்காது. என் இரண்டாவது டிரெய்லரின் பெட்டியை அப்படி ஒரு வள்ளக்காரர்தான் செய்து தந்தார். "மக்கா, அலையில அடி வாங்குறதுக்கே இது தாங்குது, ஒனக்க ரோட்டுக்குத் தாங்காதா" என்றார். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். போல்ட் முடுக்கும் இடத்தில் ஃபோமுக்குப் பதில் கெட்டியான மரக்கட்டை வைத்து அடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் முடுக்க முடுக்க பலகை நசுங்கும்.

சேசிஸில் விரிசல் விடும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஹிட்சிலிருந்து வரும் இழுவைக் கம்பி, பெட்டியின் முன் குறுக்குச் சட்டத்தைச் சந்திக்கும் மூலை. வளையக்கூடிய நீளமும் வளையாத பெட்டியும் அங்கேதான் சந்திக்கின்றன. குலுக்கல் எல்லாம் அந்த ஒரு கோட்டில் வந்து குவிகிறது. அங்கே இன்னும் தடிமனான தகட்டைக் குறுக்கே வைத்து வெல்டிங் செய்தால் விரிசல் ஒரு விரல் தள்ளிப்போய் வரும், அவ்வளவுதான். இழுவைக் கம்பியைப் பெட்டியின் அடியில் அச்சு வரை நீட்டிக் கொண்டுபோனால் அந்தக் குவிதல் பரவிவிடும். இழுவைக் கம்பியின் கீழ் விளிம்பில் குறுக்காக வெல்டிங் கோடு போடாதீர்கள். ஒயர் போக ஓட்டை வேண்டுமானால் பக்கச் சுவரின் நட்டநடு உயரத்தில் போடுங்கள். செருப்பில் ஒன்றும் நடக்காத இடம் அது.

ஆக, விளிம்புகள் தூரமாக, இரும்பு மெல்லிதாக, சந்திப்புகள் நீளமாக. எடை குறையக் குறைய மற்ற எல்லாப் பாகங்களுக்கும் வேலை குறையும். கனமான டிரெய்லர் தன் எடையாலேயே தன் வெல்டிங்கை உடைக்கிறது.

தொட்டிலில் படிக்க வேண்டிய பாடம்

சேலைத் தொட்டிலை ஸ்பிரிங்கில் மாட்டியிருக்கும் வீடுகளில் கவனித்திருப்பீர்கள். குழந்தையை ஒருமுறை இழுத்துவிட்டால் தொட்டில் வெகுநேரம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். குழந்தைக்கு அது சுகம். டிரெய்லருக்கு அது கேடு. ஸ்பிரிங் குலுக்கலை வாங்கி வைத்துக்கொள்கிறதே தவிர அழிப்பதில்லை; வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். அடுத்த குழி வருவதற்குள் முந்தைய ஆட்டம் நிற்க வேண்டும். அதற்குத்தான் டாம்பர், பட்டறையில் ஷாக் அப்சார்பர் என்று சொல்வது. உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போகும். குலுக்கல் சூடாக மாறி வெளியே போகும். கரடுமுரடான பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் தொட்டால் சுடுவது அதனால்தான்.

நம் ஊரில் பலரும் செய்யும் தவறு, பழைய லாரியின் பட்டை ஸ்பிரிங்கை வாங்கிப் போடுவது. லாரி ஸ்பிரிங் பல டன் எடைக்கு வளைய வேண்டியது. 600 கிலோ டிரெய்லரின் கீழ் அது வளையவே வளையாது. வளையாத ஸ்பிரிங்கும் நேரடியாக வெல்டிங் செய்த அச்சும் ஒன்றுதான். உறுதியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் குலுக்கல் முழுவதும் பெட்டிக்குப் போகும். என் முதல் வண்டியில் சரக்கு வேன் ஒன்றின் பட்டைகளைப் போட்டிருந்தேன். தோட்டப் பாதையில் ஒரே ஒரு காலை ஓட்டத்தில் அலமாரி ஸ்க்ரூக்கள் எல்லாம் கழன்று தரையில் கிடந்தன. பட்டைகளில் இரண்டைக் கழற்றி, ஒரு ஜோடி டாம்பர் மாட்டிய பிறகு அதே பாதையில் அடுப்பின் மேல் வைத்த டம்ளர்கூட நின்றது.

இன்னொரு வகை ரப்பர் அச்சு. ஒரு சதுரக் குழாய்க்குள் இன்னொரு சதுரக் கம்பியைச் சாய்த்து வைத்து, நான்கு மூலைகளிலும் ரப்பர் உருளைகளை நெருக்கி அடைத்திருப்பார்கள். சக்கரம் மேலே ஏறும்போது கம்பி திரும்பி ரப்பரை நசுக்கும். ரப்பரே ஸ்பிரிங்காகவும் ஓரளவு டாம்பராகவும் வேலை செய்யும். ரப்பர் விளையும் மாவட்டத்துக்காரனாக எனக்கு இந்த வடிவமைப்பு மிகவும் பிடிக்கும். ஆனால் முதல்முறை கட்டுபவருக்கு நான் சொல்வது பட்டை ஸ்பிரிங்தான். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ எந்தப் பட்டறையிலும் ஒரு பட்டை உடைந்தால் அன்றைக்கே மாற்றித் தருவார்கள். காட்டுப்பாதையில் பழுதுபார்க்க முடிவதும் திடத்தின் ஒரு பகுதி.

ஹிட்ச்

சாதாரண ஹிட்ச் ஒரு பந்தும் அதைக் கவ்வும் கிண்ணமும். தார்ச் சாலைக்கு அது தாராளம். ஆனால் ஜீப் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்போது டிரெய்லர் வலப்பக்கம் சாயும் பாதையில், பந்து ஓரளவுக்கு மேல் முறுகாது. முறுகாதபோது இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று நெம்பும். காட்டுப்பாதைக்கென்று உள்ள ஹிட்சுகள் மேல்-கீழ், இடம்-வலம், முறுக்கு என மூன்று வகையிலும் தாராளமாகத் திரும்பும். எதை மாட்டினாலும் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளை இழுவைக் கம்பிக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்டுங்கள். ஹிட்ச் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் உட்காரும்.

எழும்பும் கூரை எதற்கு

உள்ளே நிற்க உயரம் வேண்டும் என்றால் உயரமான பெட்டியே கட்டிவிடலாமே என்று கேட்பார்கள். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஆடி மாதத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் பதில் கிடைக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் இடைவெளியில் நெருக்கிக்கொண்டு வரும் இடம் அது. மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் சுவரை ஏறத்தாழ 12 கிலோ விசையோடு தள்ளும். மூன்று மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள சுவர் என்றால் 70 கிலோவுக்கு மேல். உயரம் 1.1 மீட்டர் என்றால் 40 கிலோ. காற்றின் வேகம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். தாழ்ந்த பெட்டிக்கு எதிர்க்காற்றும் குறைவு, டீசலும் குறைவு. தோட்டப் பாதையில் ரப்பர்க் கிளைகளும் இடிக்காது. சாய்வான பாதையில் கவிழும் பயமும் குறையும், ஏனென்றால் எடையின் மையம் தாழ்ந்திருக்கிறது.

கூரையைத் தூக்க எளிய வழி காஸ் ஸ்ட்ரட். கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் அந்த உருளைதான். உள்ளே அழுத்தி அடைத்த நைட்ரஜன். அதன் பலத்தை நியூட்டனில் எழுதியிருப்பார்கள். பத்து நியூட்டன் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோ. இங்கேயும் பலர் ஏமாறுவது ஒரு கணக்கில். கூரை 50 கிலோ, ஆகவே 500 நியூட்டன் போதும் என்று நினைப்பார்கள். கீல் ஒரு பக்கம் இருக்கும் கூரைக்கு அது போதாது. கதவைக் கைப்பிடியில் தள்ளுவது சுலபம், கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவது கஷ்டம் அல்லவா? இரண்டு மீட்டர் நீளக் கூரையின் எடை கீலிலிருந்து ஒரு மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்ட்ரட் அரை மீட்டரில் நின்று தள்ளினால் இரு மடங்கு விசை வேண்டும். மொத்தம் 1000 நியூட்டன், பக்கத்துக்கு 500. அதுவும் அது நேராக நின்று தள்ளும்போதுதான். மூடியிருக்கும்போது சாய்ந்து கிடப்பதால் முதல் ஒரு முழம் கையால் தூக்கிவிட வேண்டியிருக்கும். சோலார் பலகை உட்பட எல்லாவற்றையும் கூரையில் மாட்டி, எடை போட்ட பிறகே ஸ்ட்ரட் வாங்குங்கள். காலப்போக்கில் அதன் வாயு கசியும் என்பதால் கூரையைத் தாங்க ஒரு கம்பியும் எப்போதும் ஊன்றி வையுங்கள்.

கித்தான் பருத்தி கலந்ததாக இருந்தால் நல்லது. பருத்தி நூல் நனைந்தால் உப்பும். தையல் ஊசி போட்ட துளைகளை அதுவே அடைத்துக்கொள்ளும். அதனால் புதுக் கித்தானை முதல் பயணத்துக்கு முன் வீட்டு முற்றத்திலேயே விரித்து நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும். நனையாத கித்தான் முதல் மழையில் ஒழுகுவதைப் பார்த்துத் தையல்காரரைத் திட்டியவர்கள் உண்டு. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஈரத்தோடு மடித்து இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும். மழையில் மடித்துவந்தால் வீடு சேர்ந்த அன்றே விரித்துவிடுங்கள்.

ஒரே சக்கரம், ஒரே தடம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் ஜீப்புக்குப் பின்னால் கால் டன் டிரெய்லர் ஒன்று ஓடியது. அதன் சக்கரமும் டயரும் ஜீப்பினுடையதே. சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும் அதேதான். இந்த இரண்டு விஷயங்களும் இன்றைக்கும் மாறவில்லை. அகலம் ஒன்றாக இருந்தால் ஜீப் அழுத்திப்போட்ட தடத்திலேயே டிரெய்லர் வரும். வேறாக இருந்தால் மணலிலும் சேற்றிலும் தனக்கென்று புதுத்தடம் வெட்ட வேண்டும், ஜீப்புக்கு இழுவை கூடும். சக்கரம் ஒன்றாக இருந்தால் ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். மணலில் டயர் காற்றைப் பாதியளவு குறைத்தால் டயர் நீளவாக்கில் பரந்து மணல் மேல் மிதந்து போகும். டிரெய்லர் டயரிலும் குறைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தார்ச் சாலைக்கு ஏறும் முன் திரும்ப அடைக்க ஒரு சின்ன கம்ப்ரசர் கையில் இருக்கட்டும்.

உப்புக் காற்று

நம் மாவட்டத்தில் கடலிலிருந்து மலை அதிக தூரமில்லை. பெயிண்ட் மட்டும் அடித்த குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே தெரியும்போது வேலை முடிந்திருக்கும். உருகிய துத்தநாகத்தில் முழு சேசிஸையும் முக்கி எடுப்பது உள்ளும் புறமும் காக்கும். அந்தத் தொட்டி 450 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்கும். ஆகவே அடைபட்ட குழாய் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உள்ளே சிக்கிய காற்றும் ஈரமும் விரிந்து வெடிக்கும். ஒவ்வொரு குழாயிலும் எங்கே துளை வேண்டும் என்று முக்குபவரிடம் முதலிலேயே கேட்டுப் போடுங்கள். அந்தத் துளைகளே பிறகு மழைநீர் வடியவும் ஆகும். அலுமினியத்தையும் இரும்பையும் நேரடியாக ஒட்டி முடுக்காதீர்கள். உப்பு ஈரம் பட்டால் இரண்டும் ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்து அலுமினியத்தைத் தின்றுவிடும். நடுவில் ஒரு ரப்பர் துண்டு வையுங்கள்.

இரும்பு அறுக்கும் முன்னும், முதல் ஓட்டத்துக்குப் பின்னும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் டிரெய்லரும் அடங்கும். எஞ்சின் இல்லையே, பதிவு எதற்கு என்று நினைக்க வேண்டாம். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரைபடத்தோடு போய், அளவு, பிரேக், விளக்கு எல்லாம் என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்ட பிறகு குழாய் வாங்குங்கள். மலைப் பாதைகளில் பெரும்பகுதி வனத்துறைக்கோ தோட்டங்களுக்கோ உரியவை. அனுமதி வாங்காமல் உள்ளே போகக் கூடாது.

கட்டி முடித்ததும் தண்ணீர், அடுப்பு, படுக்கை என்று எல்லாம் ஏற்றிவிட்டு, சமதளத்தில் மூக்கை வீட்டில் இருக்கும் எடை மெஷின் மேல் ஒரு கட்டை வைத்து நிறுத்துங்கள். கட்டையின் உயரம் ஹிட்சின் உயரத்துக்குச் சரியாக இருக்கட்டும். மெஷின் காட்டும் எண்தான் உங்கள் முன்பாரம். மொத்த எடையை ஏதாவது ஒரு எடை மேடையில் போட்டு, பத்தில் ஒரு பங்கு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் சாமானை நகர்த்துங்கள்.

பிறகு ஐம்பது கிலோமீட்டர், மெதுவாக, தார்ச் சாலையில். திரும்பி வந்ததும் சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி முடுக்குங்கள். புதுச் சக்கரத்தில் அவை முதல் ஓட்டத்தில் தளரும். கடைசியாக இரண்டு சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத சூடாக இருந்தால் அந்தப் பக்க பேரிங் இறுகியிருக்கலாம்; அதைச் சரிசெய்யாமல் மலைக்கு ஏற வேண்டாம்.